அம்மாவை நரம்பு டொக்டரிடம் காட்டப் போகிறோம். அங்கே என்னதான் செய்வார்கள்?

கடற்காகம் | திங்கள், இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். உவர்மலையிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 64 வயது, ஓய்வுபெற்ற கணக்கு ரீச்சர். பத்து மாதமாக வலது கை நடுங்குகிறது. வேலை செய்யும்போது அவ்வளவாக இல்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு சும்மா டீவி பார்க்கும்போதுதான் கூட. நடையும் மெதுவாகிவிட்டது. முன்பெல்லாம் கோட்டை வாசலில் இறங்கிக் கோணேசர் கோயில் வரைக்கும் எங்களுக்கு முன்னால் நடந்து போய்விடுவார். இப்போது பாதி வழியில் நின்று கடலைப் பார்ப்பது போல் பாவனை செய்கிறார். கால் வரவில்லை என்று சொல்ல வெட்கம்.

குடும்ப டொக்டர் பார்த்துவிட்டு நரம்பியல் நிபுணருக்குக் கடிதம் எழுதித் தந்தார். கிளினிக் திகதி மூன்று கிழமையில். அன்றிலிருந்து அம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "மண்டையைத் திறக்கப் போகிறார்கள்" என்று ஒரே பேச்சு. பெரிய மாமி வேறு வந்து, "நரம்பு டொக்டர் என்றால் பைத்தியத்துக்குப் பார்ப்பவர்தானே, ஏன் பிள்ளை இவளை அங்கே கொண்டுபோகிறாய்" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டா.

போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். உள்ளே என்ன செய்வார்கள்? நோகுமா? போவதற்கு முன் தனியாரில் ஸ்கேன் எடுத்துக்கொண்டு போனால் நேரம் மிச்சமா?

சும்மா_வாறவன் | திங்கள், இரவு 9.30

நோகாது. காலை ஆறு மணிக்குப் போய் நம்பர் எடுப்பீர்கள். பன்னிரண்டு மணிக்குக் கூப்பிடுவார்கள். சின்னச் சுத்தியலால் முழங்காலில் இரண்டு தட்டு. கொப்பியில் ஒருவருக்கும் விளங்காத எழுத்தில் மூன்று வரி. ஒரு மாதக் குளிசை. முடிந்தது. பன்னிரண்டு மணிக்கு வீட்டிலிருந்தால் சோறாவது தின்னலாம்.

பழைய_மிஸி | திங்கள், இரவு 10.05

மேலே எழுதிய தம்பிக்குப் பிறகு பதில் சொல்கிறேன். முதலில் அம்மாவின் பயத்தைப் பார்ப்போம். முப்பது வருடத்துக்கு மேல் வாட்டிலும் கிளினிக்கிலும் நின்றவள் நான்.

பிள்ளை, நரம்பியல் நிபுணர் கத்தி எடுக்க மாட்டார். மண்டையைத் திறப்பவர் நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர், அவர் வேறு. மனநல வைத்தியரும் வேறு. நரம்பியல் நிபுணர் மூளை, முள்ளந்தண்டு, அங்கிருந்து கை கால்களுக்குப் போகும் நரம்புகள், தசைகள், இவ்வளவையும் பார்த்து எங்கே பிழை என்று கண்டுபிடிப்பவர். பாரிசவாதம், வலிப்பு, தலையிடி, நடுக்கம், மறதி, கைகால் விறைப்பு எல்லாம் அவர் பக்கம்தான்.

உங்கள் மாமி குழம்பியதில் பிழையில்லை. நம்முடைய சொல்லே குழப்பம். காலில் நீலமாகப் புடைத்துக்கொண்டு நிற்பதையும் நரம்பு என்கிறோம், ஊசி போடும்போது "நரம்பு பிடிபடுதில்லை" என்கிறோம். இரண்டும் இரத்தக் குழாய். அதைக் காட்டுவதற்கென்றே விடியற்காலையில் வந்து வரிசையில் நின்று, "இது என் வேலை இல்லை அம்மா" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனவர்களை நான் கண்டிருக்கிறேன். போதாக்குறைக்குச் சுவரெல்லாம் "நரம்புத் தளர்ச்சிக்கு உறுதியான சிகிச்சை" என்று ஒட்டி வைத்திருக்கிறார்கள். அதனாலேயே ஆம்பிளைகள் நரம்பு கிளினிக் வாசலில் தெரிந்தவரைக் கண்டால் முகத்தைத் திருப்புவார்கள்.

சரி, என்ன கொண்டுபோக வேண்டும்?

ஒரு பை எடுங்கள். அம்மா குடிக்கிற எல்லாக் குளிசையையும் அதில் போடுங்கள். பிரஷருக்கு, சீனிக்கு என்று மட்டுமில்லை. பார்மசியில் கேட்டு வாங்கியது, பக்கத்து வீட்டு அக்கா தந்தது, நாட்டு வைத்தியரின் சூரணம், எண்ணெய், சத்துக் குளிசை, எல்லாம். வாயால் "வெள்ளையாய் ஒரு குளிசை" என்று சொன்னால் எந்த டொக்டருக்கும் உதவாது. கார்டோடு கொண்டுபோங்கள்.

பழைய கிளினிக் கொப்பி, இரத்த ரிப்போர்ட், மூக்குக்கண்ணாடி. அம்மாவோடு ஒரே வீட்டில் இருப்பவர் ஒருவர் கட்டாயம் கூடப் போக வேண்டும். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த மகன் போய் நின்று "எனக்குத் தெரியாது டொக்டர்" என்று சொல்வதில் பயனில்லை. கை நடுங்குவதை இப்போதே போனில் ஒரு நிமிட வீடியோ எடுத்து வையுங்கள், ஏனென்றால் அன்றைக்கென்று பார்த்து நடுங்காது.

இன்னொன்று. இந்த இழையைப் படித்துவிட்டு எந்தக் குளிசையையும் நீங்களாக நிறுத்தக் கூடாது.

நிலாவெளிப்_பொடியன் | செவ்வாய், காலை 6.48

மிஸி அன்ரி சொன்ன "கூடப் போகிறவர்" விசயம் எனக்கு நடந்தது. எனக்கு வலிப்பு. முதல் தடவை வந்தபோது நான் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை. விழுந்ததும் தெரியாது, எழும்பியதும் தெரியாது, நாக்கில் இரத்தம் மட்டும். அப்பாதான் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். டொக்டர் முதல் கேட்ட கேள்வி, "விழுந்ததைப் பார்த்தது யார்?" அப்பா அன்றைக்குத் தம்பலகாமத்தில்.

டொக்டர் உடனே என் போனை வாங்கி, குசினியில் கூட நின்ற கூட்டாளிக்கு எடுக்கச் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டார். தலை எந்தப் பக்கம் திரும்பியது? கண் திறந்திருந்ததா, மூடியிருந்ததா? முதலில் கை இழுத்ததா, முழு உடம்புமா? எவ்வளவு நேரம்? முழித்த பிறகு தன் பெயரைச் சொல்ல எவ்வளவு நேரம் போனது? அவன் பாவம், கோர்ட்டில் நிற்பது போல் ஒவ்வொன்றாகச் சொன்னான். கடைசியில், "நான் பயத்தில கையில திறப்புக் கொத்தைத் திணிச்சன் சேர், அது பிழையா?" என்று கேட்டான். டொக்டர் சிரித்துவிட்டு, "திறப்பு கையில் இருந்தால் பிழையில்லை, பயனுமில்லை. வாயில் மட்டும் ஒன்றையும் வைக்காதே, ஒரு பக்கமாய்ச் சரித்துப் படுக்க வை, மணிக்கூட்டைப் பார். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆசுப்பத்திரி" என்றார்.

அதற்குப் பிறகுதான் இ.இ.ஜி. எல்லாரும் கரண்ட் வைப்பார்கள் என்று பயமுறுத்தியிருந்தார்கள். கரண்ட் எல்லாம் வருவதில்லை. மூளையிலிருந்து வரும் சின்ன மின்சாரத்தை அவர்கள் பதிகிறார்கள், அவ்வளவுதான். தலை முழுக்கப் பசை தடவிக் கம்பி ஒட்டுவார்கள், வேகமாக மூச்சு விடச் சொல்வார்கள், கண்ணுக்கு முன் லைட் வெட்டும். முதல் நாள் தலைக்கு முழுகிவிட்டு எண்ணெய் வைக்காமல் போங்கள். நான் அம்மா சொன்னார் என்று நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு போய், ஒன்றும் ஒட்டாமல், அங்கேயே பைப்பில் ஷாம்பு போட்டு முழுகினேன். சிலருக்கு இரவு நித்திரை குறைத்து வரச் சொல்வார்கள்.

எனக்கு இ.இ.ஜி. நோர்மல் என்று வந்தது. அப்பா சந்தோசமாய் "அப்ப ஒன்றுமில்லை" என்றார். டொக்டர் சொன்னார், வலிப்பு வராத நேரத்தில் எடுத்தால் நோர்மலாக வரலாம், உங்கள் மகனின் கூட்டாளி சொன்னதைத்தான் நான் நம்புகிறேன் என்று. குளிசை தொடங்கினார். கடலில் தனியே இறங்கக் கூடாது, உயரத்தில் ஏறக் கூடாது, ஒரு நேரக் குளிசையும் விடக் கூடாது. நிலாவெளியில் இருந்துகொண்டு கடலில் இறங்காதே என்றால் எப்படி இருக்கும் யோசித்துப் பாருங்கள்.

சும்மா_வாறவன் | செவ்வாய், காலை 8.15

கதை எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனாலும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தால் உள்ளே இருப்பதெல்லாம் தெரியும்தானே? கேள்வி கேட்டு என்னத்தைக் கண்டுபிடிக்கிறது? காசு இருந்தால் முதலே எடுத்துக்கொண்டு போவதுதான் புத்தி.

மழைக்குருவி | செவ்வாய், காலை 10.22

அந்தப் புத்தியால் கெட்டவள் நான். ஒற்றைத் தலையிடி. கிளினிக் திகதி வரும்வரை பொறுக்க முடியாமல் காசு கட்டி எம்.ஆர்.ஐ. எடுத்தேன். ரிப்போர்ட்டில் வெள்ளைப் புள்ளிகள் சில இருப்பதாக ஒரு வரி. அந்த வரியைக் கூகிளில் போட்டுத் தேடி இரண்டு மாதம் நித்திரை இல்லாமல், பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்று அழுது, தங்கச்சியிடம் நகையெல்லாம் எங்கே வைத்திருக்கிறேன் என்றும் சொல்லிவிட்டேன். டொக்டர் படத்தை அரை நிமிடம் பார்த்தார். மைக்ரேன் என்கிற இந்த ஒற்றைத் தலையிடி உள்ள பலருக்கு இப்படி இருக்கும், இதால் ஒன்றுமில்லை என்று மேசையில் வைத்துவிட்டார்.

பிறகு அவர் கேட்டது: "மாதத்துக்கு எத்தனை கார்ட் பனடோல்?" நான் யோசித்து யோசித்து எண்ணினேன். ஏறக்குறைய ஒவ்வொரு நாளும். சாதாரண வலிக் குளிசையையே மாதத்தில் 15 நாளும் அதற்கு மேலும் மாதக்கணக்கில் குடித்துக்கொண்டு வந்தால், அந்தக் குளிசையே தலையிடியை நிற்க விடாதாம். நிறுத்தச் சொன்னார், தடுப்புக்கு வேறு குளிசை தந்தார், தலையிடி வந்த நாட்களைக் கலண்டரில் குறிக்கச் சொன்னார். நிறுத்திய முதல் பத்து நாள் நரகம். இப்போது மாதத்துக்கு இரண்டு மூன்று தடவைதான்.

பழைய_மிஸி | செவ்வாய், பகல் 1.40

சும்மா வாற தம்பி, எம்.ஆர்.ஐ. எடுப்பது என்றால் தலையா, கழுத்தா, இடுப்பா? மருந்து ஊசி போட்டா, போடாமலா? கால் பலமில்லை என்று இடுப்பை எடுத்துக்கொண்டு வருவார்கள், பிழை கழுத்தில் இருக்கும். எங்கே பார்ப்பது என்று தெரிந்துகொள்ளத்தான் அந்தச் சுத்தியல். அதோடு நடுக்க நோய் பலவற்றில் சாதாரண ஸ்கேன் சுத்தமாக இருக்கும்.

மூதூரான் | செவ்வாய், இரவு 8.55

எம்.ஆர்.ஐ. பற்றிக் கதைக்கிறபடியால் இதையும் சொல்லிவிடுகிறேன், நம்ம பக்கத்து ஆட்களுக்கு முக்கியம். 2006 ஓகஸ்ட்டில் மூதூரை விட்டு ஓடி வரும்போது என் தோளில் செல் துண்டு பட்டது. பெரியதை எடுத்தார்கள். சின்னது ஒன்று உள்ளேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். நானும் மறந்துவிட்டேன். போன வருடம் கழுத்து நோவுக்கு எம்.ஆர்.ஐ. எழுதினார்கள். உள்ளே போகுமுன் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர், தலையில் கிளிப், காதுக்குள் கருவி, உடம்பில் உலோகத் துண்டு என்று வரிசையாகக் கேள்வி. நான் எல்லாவற்றுக்கும் "இல்லை" போட்டுவிட்டேன். சட்டையைக் கழற்றும்போது அங்கே நின்ற பொடியன் தழும்பைப் பார்த்து, "இது என்ன ஐயா?" என்றான். சொன்னேன். அவன் முகம் மாறிவிட்டது.

அந்த இயந்திரம் மிகப் பெரிய காந்தம். இரும்புத் துண்டை அசைக்கும், சூடாக்கும். கண்ணுக்குப் பக்கத்திலோ முள்ளந்தண்டுக்குப் பக்கத்திலோ இருந்தால் விளையாட்டில்லை. என்னைத் திருப்பி அனுப்பி, எக்ஸ்ரே எடுத்து, துண்டு எங்கே எவ்வளவு என்று பார்த்த பிறகுதான் வேறொரு நாள் உள்ளே விட்டார்கள். சண்டைக் காலத்தில் காயப்பட்டவர்கள், பழைய காயம்தானே என்று விடாதீர்கள். சின்ன வயதில் பட்டதாக இருந்தாலும் சொல்லுங்கள்.

உள்ளே இருப்பது அரை மணி, முக்கால் மணி. நோவே இல்லை. சத்தம்தான், தகரக் கூரைக்கு மேல் ஆள் நின்று சம்மட்டியால் அடிப்பது போல. கையில் ஒரு பந்து தருவார்கள், பயமென்றால் அதை அமத்தினால் நிறுத்துவார்கள்.

மழைக்குருவி | செவ்வாய், இரவு 9.20

பெண்களுக்கு ஒரு வார்த்தை. தாலிக்கொடியையும் கழற்றத்தான் வேண்டும். தங்கம் காந்தத்தில் இழுபடாதுதான், ஆனால் கொக்கியும் கொடியில் குத்தி வைத்திருக்கும் ஊசிகளும் தங்கமில்லையே. எனக்கு முன்னால் இருந்த அம்மா "கழற்ற மாட்டேன்" என்று அழுதே விட்டார். வீட்டிலிருந்து மஞ்சள் கயிறு ஒன்று கொண்டுபோனால் அதைக் கட்டிக்கொண்டு போகலாம். கொண்டைக் கிளிப், கொலுசு, காப்பு எல்லாம் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். அங்கே பையில் போட்டு யாரிடம் கொடுத்தீர்கள் என்று தேடிக்கொண்டிருக்காமல்.

கிண்ணியா_நானா | புதன், காலை 7.05

அஸ்ஸலாமு அலைக்கும். தங்கச்சியின் உம்மாவுக்கு நல்லபடியாக இருக்கும், இன்ஷா அல்லாஹ்.

ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன், இது கிளினிக் திகதிக்குக் காத்திருக்கிற விசயமில்லை. என் வாப்பா விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டு வந்து தேத்தண்ணி குடிக்கும்போது வாய் ஒரு பக்கம் கோணி, தேத்தண்ணி வழிந்தது. வலக் கை தூக்க வரவில்லை. பேச்சு குழறியது. நாங்கள் வாதக் காற்று என்று எண்ணெய் பூசித் தடவுகிற ஒருவரைக் கூட்டி வந்தோம். அவரும் நல்ல மனிசன், பாவம், இரண்டு மணித்தியாலம் தடவினார். அப்புறம் இன்னொருவர் நாளைக்கு நரம்பு கிளினிக் இருக்கு, பொறுங்க என்றார். பாலம் தாண்டி ஆசுப்பத்திரிக்குப் போகும்போது பகல் ஒன்றரை.

அங்கே சி.டி. ஸ்கேன் எடுத்துவிட்டுச் சொன்னார்கள், இரத்தக் கட்டியால் வந்த பாரிசவாதம், கட்டியைக் கரைக்கிற ஊசி இருக்கிறது, அறிகுறி தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும், நீங்கள் பிந்திவிட்டீர்கள் என்று. வாப்பா இப்போது தடி ஊன்றி நடக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் வலக் கையால் சோறு பிசைந்து சாப்பிட்டு நாலு வருடம்.

முகம் கோணினால், கை விழுந்தால், பேச்சு குழறினால் மணியைப் பார்த்துக்கொண்டு 1990க்கு அடியுங்கள். அம்புலன்ஸ் காசில்லை.

தம்பலகாமம்_வயல் | புதன், மாலை 5.31

என் அனுபவம் வேறு மாதிரி. இரண்டு கையிலும் பெருவிரல், அடுத்த இரண்டு விரல், இவைதான் விறைக்கும். நடுச்சாமத்தில் எழும்பிக் கையை உதறினால் குறையும். டொக்டருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் வயல் காரியத்துக்கு மட்டும். கூட நின்ற ஒருவர் மொழிபெயர்த்தார். நான் "விறைப்பு" என்றதை அவர் "வலி" என்று சொல்லியிருக்கிறார். நான் வலி என்று சொல்லவே இல்லை. மூன்று மாதம் வலிக்கு மருந்து குடித்தேன்.

அடுத்த முறை நன்றாகச் சிங்களம் தெரிந்த மச்சானைக் கூட்டிப் போனேன். டொக்டர் மணிக்கட்டில் விரலால் தட்டினார், சுரீரென்று விரல் நுனிக்கு ஓடியது. பிறகு நரம்புச் சோதனைக்கு அனுப்பினார். அதில் கரண்ட் உண்மையாகவே வைப்பார்கள், பொய் சொல்ல மாட்டேன். மின்சார வேலியில் கை பட்டது போல் சின்னச் சின்னச் சுண்டல். தாங்கலாம். மணிக்கட்டில் நரம்பு நெரிபடுகிறது என்று வந்தது. இரவில் கட்டிக்கொண்டு படுக்க ஒரு பட்டி தந்தார்கள்.

கடற்காகம் தங்கச்சி, மொழி விசயத்தை முதலே யோசித்து வையுங்கள். "மயக்கம்" என்ற சொல்லைச் சும்மா பாவிக்க வேண்டாம். உலகம் சுற்றுவதும் மயக்கம், கண் இருட்டி விழப் பார்ப்பதும் மயக்கம், நடக்கும்போது தள்ளாடுவதும் நமக்கு மயக்கம்தான். டொக்டருக்கு மூன்றும் மூன்று வருத்தம்.

கடற்காகம் | புதன், இரவு 10.48

எல்லோருக்கும் நன்றி. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மிஸி அன்ரி "கத்தி எடுக்க மாட்டார்" என்று எழுதியதை இரண்டாம் தடவை வாசிக்கச் சொன்னார். ஸ்கேன் யோசனையை விட்டுவிட்டேன். போய் வந்து எழுதுகிறேன்.

கடற்காகம் | மூன்று கிழமைக்குப் பிறகு, வியாழன், இரவு 8.20

போய் வந்துவிட்டோம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், மன்னிக்கவும்.

நம்பர் 31. முதலில் ஒரு இளம் டொக்டர், தமிழ்ப் பிள்ளை, இருத்தி வைத்து எல்லாம் கேட்டு எழுதினார். எந்தக் கையில் முதலில், எப்போதிருந்து, மணம் தெரிகிறதா, நித்திரையில் கத்துவாரா, கை கால் அடிப்பாரா, மலச்சிக்கல் உண்டா, குடும்பத்தில் யாருக்காவது நடுக்கம் இருந்ததா. மணத்துக்கும் கைக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை, அம்மா கேட்டார். பார்க்கின்சன் நோயில் நடுக்கம் வருவதற்குப் பல வருடத்துக்கு முன்பே மணம் குறையலாமாம்.

பெரிய டொக்டர் அடுத்த அறையில். அம்மா கதவால் வரும்போதே எழுதுவதை நிறுத்திவிட்டு நடையைப் பார்த்தார். திரும்பி நடக்கச் சொன்னார், வெளி விறாந்தை முடியும்வரை. அம்மாவின் வலது கை வீசவில்லை, உடம்போடு ஒட்டிக்கொண்டு போனது. பத்து மாதம் கூடவே இருந்த எனக்கு அது கண்ணில் படவில்லை.

பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். கணக்கு ரீச்சரிடம்! "93, 86, 79, 72, 65" என்று அம்மா வகுப்பில் நிற்பது போல் அடுக்கிக்கொண்டு போனார். டொக்டர் கணக்கைக் கேட்கவே இல்லை, அவர் பார்வை மடியில். மனம் வேறொன்றில் போனதும் கை மாத்திரை உருட்டுவது போல் நடுங்கத் தொடங்கிவிட்டது. வீடியோவே தேவைப்படவில்லை.

பெருவிரலையும் சுட்டுவிரலையும் வேகமாகத் தட்டச் சொன்னார். முதல் ஆறேழு தட்டு பெரிதாக, பிறகு சின்னதாகிச் சின்னதாகி நின்றுவிட்டது. மணிக்கட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். சுத்தியல் வந்தது, சும்மா வாற அண்ணா, முழங்காலோடு முடியவில்லை, முழங்கை, மணிக்கட்டு, குதிக்கால் எல்லாம். உள்ளங்காலில் ஒரு கீறல், அம்மாவுக்குக் கூச்சத்தில் சிரிப்பு வந்துவிட்டது. கவை மாதிரி ஒரு இரும்பைத் தட்டிக் கால் பெருவிரலில் வைத்து, அதிர்வு தெரிகிறதா என்றார். கண்ணுக்குள் லைட் அடித்துப் பார்த்தார். பின்னால் நின்று தோளைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார், விழாமல் நிற்கிறாரா என்று பார்க்க. நான் பயந்துவிட்டேன், அவர் பிடிக்கத் தயாராகத்தான் நின்றார். ஒரு வசனம் எழுதச் சொன்னார். "திருகோணமலை இயற்கைத் துறைமுகம் உடையது" என்று எழுதினார். கரும்பலகையில் கடைசி வாங்கு வரை தெரிய எழுதிய கை. "திரு" பெரிதாக இருந்தது, "உடையது" எறும்பு ஊர்ந்தது போல இருந்தது.

அப்புறம், "மருந்தெல்லாம் கொண்டு வந்தீர்களா?" பையைக் கொடுத்தேன். மேசையில் கொட்டினார். பிரஷர், சீனிக்கு மெட்போர்மின், கல்சியம், பனடோல், விற்றமின். ஒரு கார்டை மட்டும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எதற்கு?"

போன வருடம் அம்மாவுக்குத் தலைச்சுற்று வந்தது, கட்டில் சுழல்வது போல. அப்போது ஒரு இடத்தில் எழுதித் தந்த குளிசை, புரோக்ளோர்பெரசின். ஒரு கிழமையில் சுற்று நின்றுவிட்டது. ஆனால் நிறுத்தினால் திரும்ப வரும் என்ற பயத்தில் தொடர்ந்து குடித்துக்கொண்டிருந்தார். பழைய துண்டைக் காட்டினால் பார்மசியில் மறு பேச்சில்லாமல் தருவார்கள். வாங்கிக் கொடுத்தது நான்தான், மாதாமாதம், சம்பளம் வந்த அடுத்த நாள்.

டொக்டர் விளங்கப்படுத்தினார். உடம்பின் அசைவுக்கு மூளையில் டோபமின் என்று ஒன்று வேண்டும். பார்க்கின்சன் நோயில் அதைச் சுரக்கும் கலங்கள் குறைகின்றன. இந்தக் குளிசை அந்த டோபமின் வேலை செய்யும் இடத்தை மறித்துவிடும். நாலைந்து நாள் குடித்தால் பெரும்பாலும் பிரச்சினையில்லை. மாதக்கணக்கில் குடித்தால், வயதானவர்களுக்குப் பார்க்கின்சன் மாதிரியே வரலாம். நிறுத்தச் சொன்னார். தெளிய வாரங்களோ மாதங்களோ எடுக்கும் என்றார். முழுதும் தெளிந்தால் குளிசைதான் காரணம். தெளியாமல் ஒரு பக்கம் மட்டும் நின்றால், உள்ளே தொடங்கியிருந்த நோயை இந்தக் குளிசை வெளியே காட்டியிருக்கலாம், அப்போது மருந்து தொடங்குவோம் என்றார். இப்போதைக்கு ஸ்கேன் வேண்டாம். தைரொயிட், விற்றமின் பி12 இரண்டுக்கும் இரத்தம். மெட்போர்மின் நெடுநாள் குடிப்பவர்களுக்கு பி12 குறையலாமாம். மூன்று மாதத்தில் வரச் சொன்னார்.

வெளியே வந்து ஓட்டோவில் ஏறின பிறகு அம்மா, "மண்டைக்குக் கிட்டயும் வரேல்ல" என்றார், ஏதோ ஏமாந்தது போல. நான் வழி முழுக்க ஒன்றும் பேசவில்லை.

பழைய_மிஸி | வியாழன், இரவு 9.02

பிள்ளை, நீங்கள் வாங்கிக் கொடுத்தது அம்மாவுக்குச் சுற்றக் கூடாது என்று. அந்தக் கார்டைப் பையில் போட்டதும் நீங்கள்தான். இரவில் சாப்பிட்டுவிட்டுப் படுங்கள்.

இரத்த ரிப்போர்ட் வந்ததும் கொப்பிக்குள் ஒட்டி வையுங்கள். கையிலே மடித்துக் கொண்டுபோனால் துலையும்.

சும்மா_வாறவன் | வியாழன், இரவு 9.47

சுத்தியல் விசயத்தில் நான் வாபஸ். ஆறு மணி நம்பர் விசயத்தில் இல்லை.

அது போக, என் அம்மாவும் ஒரு தலைச்சுற்றுக் குளிசை குடிக்கிறா. நாளைக்குப் பெயரைப் பார்க்கிறேன்.

பழைய_மிஸி | வியாழன், இரவு 9.55

பாருங்கள் தம்பி. பார்த்துவிட்டு டொக்டரிடம் கேளுங்கள். தலைச்சுற்றுக்குக் கொடுப்பது எல்லாம் ஒரே மருந்தில்லை.

கடற்காகம் | மூன்று மாதத்துக்குப் பிறகு, சனி, மாலை 6.10

கேட்டு மெசேஜ் போட்டவர்களுக்காக. இரண்டாம் தடவை காட்டினோம். நடை திரும்பிவிட்டது, கை வீசுகிறது. இடக்கையிலும் கொஞ்சம் இறுக்கம் இருந்ததாம், அது போய்விட்டது. வலக்கை நடுக்கம் முழுதாகப் போகவில்லை. பெரிய மாமி வந்து கதைக்கும்போது நன்றாகவே தெரிகிறது. டொக்டர் இன்னும் மூன்று மாதம் பொறுப்போம் என்றார், மருந்து தொடங்கவில்லை. பி12 குறைவு என்று ஊசி போகிறது. தலைச்சுற்று ஒரு தடவைகூட வரவில்லை.

போன வெள்ளிக்கிழமை கோயிலுக்கு நடந்தோம். பாதியில் நின்றார். நான் பதறி என்னம்மா என்றேன். கடலில் கப்பல் ஒன்று வந்துகொண்டிருந்தது, உண்மையாகவே அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

சாம்பல்தீவு_மருமகள் | சனி, இரவு 7.33

அக்கா, இந்த இழை முழுக்க வாசித்தேன். மாமாவை வாற செவ்வாய் காட்டப் போகிறோம், அவருக்கும் நடுக்கம். காலையில் சாப்பிடாமல் கொண்டுபோக வேண்டுமா?

கடற்காகம் | சனி, இரவு 7.50

இல்லை தங்கச்சி, சாப்பிட்டுவிட்டே போகலாம், வழமையான குளிசையையும் கொடுத்துவிட்டுப் போங்கள். வெறும் வயிற்றோடு இரத்தம் எடுக்க வேண்டுமென்றால் அவர்களே முதலில் சொல்லியிருப்பார்கள். தண்ணிப் போத்தலும் இரண்டு பணிசும் கொண்டுபோங்கள். விறாந்தையில் மின்விசிறிக்குக் கீழே உள்ள வாங்கு ஏழு மணிக்கெல்லாம் நிரம்பிவிடும்.